முந்திச் செல்லும் செய்தி பிறந்த கதை

மதுரையில் 1942 நவம்பர் 1-ஆம் தேதி சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழின் பெயர் 'தந்தி'. அதுவே பிறகு தினத்தந்தி ஆனது. அன்றைக்கு வேகமான செய்தி என்றால் தந்திதான். ஆனால் தந்தி அலுவலகத்துக்குள்ளே எல்லாச் செய்தியும் ஒரே வேகத்தில் போகவில்லை. சாதாரணத் தந்திக்கு ஒரு கட்டணம், எக்ஸ்பிரஸ் தந்திக்குக் கூடுதல் கட்டணம். சாவையும் உயிருக்கு ஆபத்தான நோயையும் சொல்லும் தந்திகளுக்கு 'எக்ஸ்எக்ஸ்' என்று குறி போட்டு, மேசையில் குவிந்து கிடப்பவற்றுக்கு முன்னால் எடுத்து அனுப்பினார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் தந்தி வந்திருக்கிறது என்றாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை கிளம்பிவிடும்.

தொலைபேசியிலும் இதே கதைதான். டிரங்க் கால் பதிவு செய்யும்போது ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்பார்கள். லைட்னிங் கால் என்று சொன்னவருக்குக் கட்டணம் பல மடங்கு. கம்பி ஒன்றுதான், அதில் ஓடும் மின்சாரமும் ஒன்றுதான். கூடுதல் பணம் கொடுத்தவரின் குரல் கம்பியில் வேகமாக ஓடவில்லை. அவர் காத்திருந்த நேரம்தான் குறைந்தது. கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இல் எஸ்டிடி வந்து, பிறகு அது நாடெங்கும் பரவி, கம்பிகளும் பெருகிய பின்பு லைட்னிங் கால் என்ற ஏற்பாடே தேவையில்லாமல் போயிற்று. தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது. ஆனால் அந்த மேசையில் இருந்த குறி மறையவில்லை. மதுரை இலந்தைக்குளம் ஐடி பூங்காவிலும் உலகின் பல ஐடி அலுவலகங்களிலும் ஜாவா எழுதுபவர்கள் இன்று மென்பொருள்களுக்கிடையே அனுப்பும் செய்திகளின் தலைப்பில் அதை 0 முதல் 9 வரையிலான ஓர் எண்ணாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அந்த எண் பலமுறை வேலை செய்யாமல் போகிறது. ஏன் என்று புரிய, அது எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கணிதம். ஆலன் கோபம் என்பவர் 1954-இல் அமெரிக்க ஆபரேஷன்ஸ் ரிசர்ச் சங்கத்தின் இதழில், முன்னுரிமை உள்ள வரிசைகளில் ஒவ்வொரு வகுப்பும் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்குச் சூத்திரம் கொடுத்தார். பத்தாண்டுகள் கழித்து லியோனார்ட் கிளைன்ராக் இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டினார். செய்திகள் வலையமைப்பு வழியாக எப்படி நகரும் என்பதையே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தவர் அவர்; இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் கணு 1969-இல் நிறுவப்பட்டதும் அவருடைய ஆய்வகத்தில்தான். 1965-இல் வெளியான அவரது விதி சொல்வது இது: வேலை செய்பவர் சும்மா உட்காராமலும், தொடங்கியதைப் பாதியில் விடாமலும் இருந்தால், வரிசையை எப்படி மாற்றி அடுக்கினாலும், சுமைக்கேற்ப எடை போட்டுக் கூட்டிய மொத்தக் காத்திருப்பு மாறவே மாறாது. ஒருவருக்குக் குறைந்த நேரம் இன்னொருவர் தலையில் ஏறுகிறது. முன்னுரிமை நேரத்தை உண்டாக்குவதில்லை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த க்யூவின் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

கணிதம் ஒரு பக்கம் வளர, ராணுவம் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. ரொட்டீன், ப்ரையாரிட்டி, இமீடியட், ஃப்ளாஷ் என்று அமெரிக்கப் படைகள் தங்கள் செய்திகளைத் தரம் பிரித்தன. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த இணைய நெறிமுறை ஆவணம் அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் மூன்று பிட்டுகளை அதற்காக ஒதுக்கியது. நம் கைப்பேசியிலிருந்து கிளம்பும் பொட்டலங்களில் அந்த இடம் இன்னும் இருக்கிறது. இப்போது அதற்கு வேறு பொருள் கொடுத்திருக்கிறார்கள்.

கணினிக்குள் முந்திச் செல்லும் வரிசையை விரைவாகப் பராமரிக்கும் வழியை ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் 1964-இல் ஹீப் என்ற மர அமைப்பாகக் கொடுத்தார். ஜாவாவின் ப்ரையாரிட்டி க்யூ இன்றும் அதே ஹீப்தான்.

நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள செய்தி க்யூக்கள் தனிச் சரக்காக விற்பனைக்கு வந்தது 1980-களின் நடுவிலிருந்து. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தொடங்கிய டெக்னெக்ரான் சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ், வால் ஸ்ட்ரீட் வர்த்தகக் கூடங்களுக்கு விலைச் செய்திகளை உடனுக்குடன் கொண்டு சேர்த்தது. டிப்கோ அதிலிருந்து வந்தது. 1993-இல் ஐபிஎம் தன் எம்க்யூசீரிஸைக் கொண்டுவந்தது. அதில் 0 முதல் 9 வரை முன்னுரிமை உண்டு, 9 தான் உச்சம். முன்னுரிமைப்படி கொடுப்பதா, வந்த வரிசைப்படி கொடுப்பதா என்று ஒவ்வொரு க்யூவுக்கும் தனியாகத் தீர்மானிக்கலாம்.

இப்படி ஆளுக்கொரு சரக்கு சந்தையில் இருந்தபோதுதான் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-இல் ஜேஎம்எஸ் (ஜாவா மெசேஜ் சர்வீஸ்) என்ற பொது இலக்கணத்தை வெளியிட்டது. மார்க் ஹாப்னர் தலைமையில் எழுதப்பட்ட அந்த ஆவணத்தின் நோக்கம் புதிய க்யூ ஒன்றைச் செய்வது அல்ல. ஏற்கெனவே இருக்கிற எல்லா க்யூக்களையும் ஜாவாவிலிருந்து ஒரே மாதிரி அழைக்க வழி செய்வது. ஒரு சரக்கு முன்னுரிமையைக் கறாராகப் பின்பற்றும், இன்னொன்று கண்டுகொள்ளாது. எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டும். அதனால் ஆவணம் நெகிழ்வாக எழுதப்பட்டது. 0 முதல் 4 வரை சாதாரணம், 5 முதல் 9 வரை அவசரம். எதுவும் சொல்லாவிட்டால் 4. இந்த வரிசையைக் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் எந்த க்யூவுக்கும் கிடையாது. அவசரச் செய்தியை முன்னால் கொண்டுவர முடிந்தவரை முயல வேண்டும், அவ்வளவே.

முன்னுரிமை எண் பிறக்கும்போதே வேண்டுகோளாகத்தான் பிறந்தது. அதைக் கட்டளை என்று நம்பிக்கொண்டு நிரல் எழுதுபவர்தான் நள்ளிரவில் லாக் ஃபைலைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொள்கிறார்.

கோளாறுகளில் முதலாவது, எண்ணே போய்ச் சேராதது. செய்திப் பொருளை உருவாக்கி, அதன்மேல் செட்ஜேஎம்எஸ்ப்ரையாரிட்டி என்ற மெத்தடை அழைத்து 9 என்று கொடுப்பார்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் சரியான இடம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அனுப்பும் நேரத்தில் அந்த மதிப்பை அழித்து எழுதும் உரிமை ஜேஎம்எஸ் சரக்குக்கு உண்டு. எண்ணைக் கொடுக்க வேண்டிய இடம் செய்தியை அனுப்பும் ப்ரொட்யூசர், அல்லது அனுப்பும் அழைப்பு. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் வழியாக அனுப்புபவர்களுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது: ஜேஎம்எஸ்டெம்ப்ளேட்டில் முன்னுரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது, எக்ஸ்ப்ளிசிட்கியூஓஎஸ்எனேபிள்டு என்பதையும் இயக்க வேண்டும். இயக்காவிட்டால் பிழைச் செய்தி ஏதும் வராது. எல்லாம் 4 ஆகப் போய்ச் சேரும். ஆகவே சந்தேகம் வந்ததும் முதல் வேலை, வாங்கும் பக்கத்தில் செய்தியின் தலைப்பை அச்சிட்டு, உள்ளே உண்மையில் என்ன எண் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது.

இரண்டாவது, க்யூவை வைத்து நடத்தும் ப்ரோக்கர் அந்த எண்ணை மதிக்கும்படி அமைக்கப்படாதது. ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக் என்ற ப்ரோக்கரில் க்யூவின் கொள்கை வரியில் ப்ரையாரிடைஸ்டுமெசேஜஸ் என்பதை ட்ரூ என்று எழுத வேண்டும். எழுதினாலும், அதன் வழக்கமான சேமிப்பகமான காஹாடிபி பத்துப் படிகளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 4-க்குக் கீழ், 4, 4-க்கு மேல் என்று மூன்று கூடைதான். 5-க்கும் 9-க்கும் அங்கே வேறுபாடு கிடையாது. ரேபிட்எம்க்யூ 2015-இல்தான் முன்னுரிமையைத் தன் உடலுக்குள் சேர்த்துக்கொண்டது. அதன் கிளாசிக் வகை க்யூவில், க்யூவைப் படைக்கும்போதே உச்ச எண்ணை அறிவித்தாக வேண்டும், பிறகு ஒட்ட முடியாது. காஃப்காவில் முன்னுரிமையே இல்லை. எழுதிய வரிசையில் படிக்கும் பதிவேடு அது.

மூன்றாவதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தியாகராசர் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஆக்டிவ்எம்க்யூவை இயக்கி, முன்னுரிமையையும் சரியாகத் திறந்துவிட்டு, 0 எண்ணுடன் ஆயிரக்கணக்கான விளம்பரச் செய்திகளை க்யூவில் போடட்டும். ஒவ்வொன்றையும் கையாள ஒரு விநாடி எடுக்கும்படி, செய்தியை வாங்கும் கன்ஸ்யூமர் ஒன்றை எழுதி ஓட விடட்டும். சில விநாடிகள் கழித்து 9 எண்ணுடன் ஓர் ஓடிபியைப் போடட்டும். ப்ரோக்கரில் அது வரிசையின் தலைக்கு வந்துவிடும். ஆனால் திரையில் விளம்பரங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும். காரணம், ப்ரோக்கர் கன்ஸ்யூமரைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே 1000 செய்திகளை அதன் நினைவகத்துக்குள் தள்ளிவிட்டது. க்யூவுக்கான ப்ரீஃபெட்ச் அளவு, நாம் மாற்றாவிட்டால், 1000. அங்கே வந்த வரிசையிலேயே எடுக்கப்பட்டால், அந்த ஓடிபிக்கு முன்னால் ஏறக்குறைய ஆயிரம் விநாடி வேலை காத்திருக்கிறது. 16 நிமிடம் 40 விநாடி. பெரும்பாலான வங்கிகளின் ஓடிபி அதற்குள் காலாவதியாகிவிடும்.

இப்போது அதே மாணவர் ப்ரீஃபெட்ச்சை 1 ஆக்கி மறுபடி ஓட்டட்டும். கையில் இருக்கும் ஓரிரு விளம்பரங்கள் முடிந்ததும் ஓடிபி வந்து நிற்கும். நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை, இணைப்பு முகவரியில் ஓர் எண் மாறியதோடு சரி. ரேபிட்எம்க்யூவில் நாம் எல்லை குறிக்காவிட்டால் ப்ரீஃபெட்ச்சுக்கு எல்லையே இல்லை. ஆக்டிவ்எம்க்யூவின் உடன்பிறப்பான ஆர்ட்டெமிஸில் அது எண்ணிக்கையாக இல்லாமல் பைட்டுகளாக, 1 மெகாபைட்டாக இருக்கிறது. சிறிய செய்திகள் என்றால் அதற்குள் ஆயிரங்கள் அடங்கும். ப்ரோக்கரின் திரையில் க்யூ காலியாகத் தெரியலாம், கன்ஸ்யூமரின் வயிற்றில் வரிசை நிற்கும். எனவே, "செய்தி இந்த நொடி எங்கே காத்திருக்கிறது?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முன்னுரிமைக்கு அதிகாரம் காத்திருக்கும் இடத்தில் மட்டும்தான். எங்கும் காத்திருப்பு இல்லையென்றால் அந்த எண்ணுக்குச் செய்ய வேலையே இல்லை. காலி க்யூவில் நான்கு செய்தியைப் போட்டுச் சோதித்துவிட்டு, முன்னுரிமை வேலை செய்யவில்லை என்று புகார் எழுதுபவர்களுக்கும் இதுவே பதில்.

ப்ரீஃபெட்ச்சை 1 ஆக்கினால் மொத்த வேகம் குறையும். ஒவ்வொரு செய்திக்கும் ப்ரோக்கர் வரை போய்வர வேண்டும். அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

ஜாவாவின் சொந்த வரிசைகளிலும் பொறிகள் உண்டு. டக் லீயின் தலைமையில் உருவாகி, 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது ப்ரையாரிட்டிபிளாக்கிங்க்யூ. அதில் தலையில் நிற்பது மிகச் சிறிய எண். ஜேஎம்எஸ்ஸில் பெரிய எண்ணுக்கு மதிப்பு, இங்கே சின்ன எண்ணுக்கு. ப்ரோக்கரிலிருந்து வாங்கிய செய்திகளைக் கன்ஸ்யூமருக்குள் இந்த வரிசையில் போட்டுவைத்து, ஒப்பிடும் நிரலைத் திருப்பி எழுத மறந்தால், 9 எண் கொண்ட அவசரம் கடைசியில் நிற்கும். இன்னொன்று: ஒரே எண் கொண்ட இரண்டு செய்திகளில் முதலில் வந்தது முதலில் போகும் என்ற உறுதி அங்கே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஏறு வரிசை எண் ஒன்றைச் சேர்த்து, முன்னுரிமை சமமானால் அதை வைத்து ஒப்பிட வேண்டும். ஜாவாவின் ஆவணத்திலேயே அதற்கு மாதிரி இருக்கிறது. த்ரெட் பூலுக்கு இந்த வரிசையைக் கொடுத்துவிட்டு சப்மிட் என்று அழைத்தால், அது வேலையை ஒப்பிட முடியாத வேறோர் உறைக்குள் போட்டுவிடும். ஓடும்போது கிளாஸ்காஸ்ட் பிழை வெடிக்கும். எக்ஸிக்யூட் என்று அழைத்தால் வெடிக்காது.

முன்னுரிமை நன்றாக வேலை செய்யும்போது வரும் கோளாறும் உண்டு. ஆர்டரை 4 என்ற எண்ணிலும், அதை ரத்து செய்யும் செய்தியை 9 என்ற எண்ணிலும் அனுப்பினால், ரத்து முதலில் வந்து சேரும்; இல்லாத ஆர்டரை எப்படி ரத்து செய்வது என்று நிரல் விழிக்கும். பிறகு ஆர்டர் வந்து நிறைவேறிவிடும். ஒன்றையொன்று சார்ந்த செய்திகளுக்கு வெவ்வேறு எண் கொடுக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வரிசையின் வால். அவசரச் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் 0 எண்ணுக்கு முறை வரவே வராது. எம்ஐடியில் ஐபிஎம் 7094 கணினியை 1973-இல் நிறுத்தியபோது, 1967-இல் கொடுக்கப்பட்ட ஒரு வேலை இன்னும் ஓடாமல் கிடந்தது என்று ஒரு செவிவழிக் கதை இயங்குதளப் பாடநூல்களில் சொல்லப்படுகிறது. கதையாகவே இருக்கட்டும். இன்றைய க்யூவில் இதைவிட மோசம்: செய்திக்குக் காலாவதி நேரம் கொடுத்திருந்தால், காத்திருந்தே அது சத்தமில்லாமல் மறைந்துவிடலாம்.

வாலில் நிற்பவருக்கு முறை வராமல் போவது மதுரைச் சமவெளிக்குப் புதிய செய்தி இல்லை. பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீர் 1895 முதல் இந்தப் பக்கம் திரும்பியது. வைகை அணை 1959-இல் வந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கு முதலில் தண்ணீர். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் கால்வாயிலுமாக 1,05,002 ஏக்கர் ஒருபோகப் பாசனம். அணையில் இருப்பு சேர்ந்த பிறகுதான் அதற்குத் திறப்பார்கள். முன்னுரிமையைக் கறாராக நடத்தினால் கடைமடையில் பயிர் கருகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் 120 நாள் திறப்பில் முதல் 45 நாள் முழுமையாகவும், அடுத்த 75 நாள் முறை வைத்தும் விடுகிறார்கள். முறைக்காரன் மடையைத் திறக்கும் நாளில் அந்தத் தண்ணீர் அவனுக்கு மட்டும்தான். தலைமடைக்காரர் கேட்டாலும் கிடையாது.

க்யூவிலும் மருந்து அதுவே. அவசரத்துக்கு ஒரு க்யூ, சாதாரணத்துக்கு ஒரு க்யூ என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்ஸ்யூமர்களை ஒதுக்குங்கள். அவசரத்துக்கு ஐந்து பேர், சாதாரணத்துக்கு இரண்டு பேர் என்றால் அந்த இருவரின் நேரத்தை எந்த 9 எண்ணும் பறிக்க முடியாது. முன்னுரிமை எண்ணே இல்லாத காஃப்காவிலும் இது நடக்கும். ஒரே க்யூவை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஜேஎம்எஸ்ஸில் கன்ஸ்யூமருக்கு செலெக்டர் எழுதலாம்: முன்னுரிமை 4-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடு என்று ஒருவருக்கும், மற்றவற்றை எடு என்று இன்னொருவருக்கும். பத்துப் படி எண்களை நுணுக்கமாகப் பயன்படுத்த நினைப்பது வீண் வேலை. இரண்டு படி போதும், மிஞ்சினால் மூன்று.

ஜேஎம்எஸ் இலக்கணம் சன்னிடமிருந்து ஆரக்கிளுக்குப் போய், இப்போது எக்ளிப்ஸ் அறக்கட்டளையில் ஜகார்த்தா மெசேஜிங் என்ற பெயரில் வாழ்கிறது. 2022-இல் 3.1 பதிப்பு வந்தது. 0 முதல் 9 வரையிலான எண்ணும், சொல்லாவிட்டால் 4 என்பதும், கட்டாயம் இல்லாத அந்த நெகிழ்வும் அப்படியே இருக்கின்றன.

ஜாவாவில் க்யூ வைத்திருக்கும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அவசரச் செய்தி எத்தனை மில்லிவிநாடியில் போகிறது என்று எல்லோரும் அளந்து திரையில் காட்டுகிறீர்கள். க்யூவில் இருப்பதிலேயே மிகப் பழைய 0 எண் செய்தியின் வயது என்ன என்பதையும் அதே திரையில், அதே அளவு எழுத்தில் காட்டுங்கள். அது ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் யாரையாவது எழுப்பும்படி அலாரம் வையுங்கள்.